டிராக்டர்க் கொட்டகையின் தரையும் அதன் மேற்பூச்சும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் உழவு மாடுகள் நின்ற கொட்டகைகளிற் பல இக்காலத்தில் டிராக்டர் நிற்கும் கொட்டகைகளாக மாறியிருப்பது யாவரும் அறிந்ததே. மாட்டுக் கொட்டகைக்குத் திமிசு போட்டுக் கெட்டித்த மண்ணும், அதன்மேல் மெழுகிய சாணமும் போதுமாயிருந்தன. டிராக்டருக்கு அவை போதா. வண்டியின் எடை மட்டும் சுமார் இரண்டு டன். பாரமேற்றிய டிரெயிலரைச் சேர்த்தால் அது பன்மடங்காகும். அதனின்றும் டீசல் சொட்டும். ஹைட்ராலிக் எண்ணெய் கசியும். பாட்டரியின் அமிலம் சில சமயம் வழியும். அதே கூரையின்கீழ் ஒரு மூலையில் விதைக்கடலையையும் மற்றொரு மூலையில் உர மூட்டைகளையும் அடுக்கி வைப்பது குடியானவர் வழக்கம். இத்தனைக்கும் ஒரே தரை ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

இதன் பொருட்டே, பட்டணங்களில் மோட்டார்க் கொட்டகைகளுக்குப் பூசும் எபாக்ஸி முதலிய பூச்சுக்கள் கிராமங்களிலும் பெயர்பெற்று வருகின்றன. கண்ணாடிபோல் மின்னும் தரையைக் கண்டவர்க்கு அதைத் தம் கொட்டகையிலும் காண விருப்பம் உண்டாவது இயல்பே. ஆனால் செலவழித்துப் பூசிய பூச்சு, ஒரு ஐப்பசி கார்த்திகை மழை கழிந்ததும் அப்பளம்போல் எழும்பி, டயரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வருமானால், போட்ட பணம் போனதோடு நில்லாது, பெயர்ந்ததைச் சுரண்டி எடுக்க மறுபடியும் பணம் வேண்டும். இவ்விதம் நேரும்போது பூச்சு விற்றவரையும் பூசினவரையும் நோவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் பூச்சில் இல்லை. அதன் கீழுள்ள தரையிலும், தரையின் கீழுள்ள பூமியிலும் இருக்கிறது. எந்தப் பூச்சு நல்லது என்று கேட்குமுன் எந்தத் தரைமேல் என்று கேட்பதே முறை.

ஆலத்தியூர் வாசிகளுக்குச் சிமெண்டைப்பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. செந்துறைத் தாலூகாவைச் சேர்ந்த இவ்வூரில், மதராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியார் 1997-ல் தங்கள் ஆலையைத் தொடங்கி, 2001-ல் அதன் இரண்டாம் பிரிவையும் நிறுவினர். அக்கம்பெனி 2013 முதல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் வழங்குகிறது. பல கோடி வருஷங்களுக்குமுன் இப்பிரதேசம் கடலாயிருந்த காலத்தில் படிந்த சிப்பிகளும் சேறும் இறுகியே இங்குள்ள சுண்ணாம்புக்கல் ஆயிற்று. நிலத்தை உழும்போதே கற்சிப்பி அகப்படும் பூமி இது. எனினும் சிமெண்டு பிறக்கும் ஊரிலும் தரை வெடிக்கத்தான் செய்யும். வெடிக்கச் செய்வது சிமெண்டின் பழுதன்று. கரிசல் மண்ணின் குணம்.

அடிநிலம்

கரிசல் மண் ஈரம் உண்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயலில் கைநுழையும் அளவு வெடிப்பு விடுவதைக் காணாத குடியானவர் இரார். அதே மண்ணின்மேல் நேரே கான்கிரீட் பரப்பினால், சுவரோரம் மழைநீர் இறங்கும் இடத்தில் மண் ஊதித் தரையைத் தூக்கும். நடுவில் காய்ந்த இடத்தில் தரை ஆதாரமின்றி நிற்கும். அதன்மேல் டிரெயிலர் ஏறினவுடன் பிளவு காணும். கீழ்த்தரை பிளந்தால், மேலே எத்தனை விலையுயர்ந்த பூச்சு இருப்பினும் அதே கோட்டில் தானும் பிளக்கும்.

ஆதலால் கரிசலை ஒரு அடி முதல் இரண்டு அடி ஆழம் வரை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, அவ்விடத்தில் கிராவல் மண்ணை ஆறு ஆறு அங்குல அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசு போடவேண்டும். மொத்தமாய்க் கொட்டி மேலே மட்டும் இடிப்பது வீண் வேலை. அடியில் பொருபொருவென்றே இருக்கும். கொட்டகையின் தரைமட்டம் வெளிநிலத்துக்கு ஒரு அடியேனும் உயர்ந்திருத்தலும், கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் வாய்க்கால் வழியே விலகிப் போதலும் அவசியம். இவ்விரண்டையும் அற்பமென்று விடுவோர் பலர். பின்னால் எத்தனை செலவு செய்தாலும் இவற்றை ஈடுசெய்ய இயலாது.

கிராவலின்மேல் மெல்லிய மணற்பரப்பு இட்டு, அதன்மேல் 250 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் விரிப்பைப் பரப்புதல் உசிதம். இணையும் இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஒரு அடி ஏறியிருக்கவேண்டும். பூமியிலிருந்து மேலே எழும் ஈரத்தைத் தடுப்பது இவ்விரிப்பே. பூச்சு பூசும் எண்ணம் இன்றோ, பத்து வருஷம் கழித்தோ உண்டாகுமானால், அதற்கு வேண்டிய காப்பை இடத்தக்க சமயம் இது ஒன்றே.

கான்கிரீட்டும் நீர் நிறுத்தலும்

டிராக்டர் மட்டும் நிற்கும் இடத்துக்கு ஐந்து அங்குல கனம் போதும். பாரமேற்றிய டிரெயிலர் உள்ளே வருமானால் ஆறு அங்குலம் நலம். கலவை, சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு. 12 அடி அகலமும் 20 அடி நீளமுமுள்ள கொட்டகைக்கு ஐந்து அங்குல கனத்தில் 100 கன அடி கான்கிரீட் ஆகும். அதற்குச் சுமார் 23 மூட்டை சிமெண்டும், 43 கன அடி மணலும், 86 கன அடி ஜல்லியும் பிடிக்கும். இக்கணக்கைக் கையில் வைத்திருப்பவரிடம் சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டுவது எளிதன்று.

அதைக்காட்டிலும் கவனிக்கவேண்டியது தண்ணீர். ஐம்பது கிலோ மூட்டைக்கு மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து 25 லிட்டர் போதுமானது. பரப்புவதற்கு இலகுவாயிருக்கும் பொருட்டு வேலையாட்கள் இதற்கு மேலும் ஊற்றுவர். அதிகப்பட்ட தண்ணீர் சிமெண்டின் பாலை மேலே கொண்டுவந்து சேர்க்கும். காய்ந்தபின் அது மாப்போன்ற ஏடாக நிற்கும். துடைப்பத்தால் பெருக்கினாலே தூளாகும். மேலே ஈரம் கண்ட இடத்தில் உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்து வழவழப்பாக்குவது மற்றொரு கெட்ட வழக்கம். அது கண்ணுக்கு அழகு. ஆனால் கீழுள்ள கான்கிரீட்டோடு ஒன்றாத தனித்தோல். பின்னர் பூசும் பூச்சு இத்தோலைத்தான் பற்றிக்கொள்ளும். தோல் உரியும்போது பூச்சும் கூடவே உரியும். மேலே கசிந்த நீர் தானே வற்றும்வரை காத்திருந்து, அதன்பின் கரண்டி போடுவதே சரியான முறை.

கான்கிரீட் சுருங்கும்போது தன் இஷ்டம்போல் பிளக்காமல் நாம் குறித்த இடத்தில் பிளக்கும்படி, பத்து அடிக்கு ஒன்றாக, கனத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கோடு வெட்டவேண்டும். அடுத்த நாளே வெட்டிவிடுதல் அவசியம்.

பிறகு நீர் நிறுத்தல். இக்காலத்தில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த போஸலானா சிமெண்டு. அது மெதுவாய் இறுகுவது. சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள் போதுமென்றால் இதற்கு நம் வெயிலில் பதினான்கு நாள் வேண்டும். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் ஆளும் அதிகம் வேண்டாம், மறதியும் நேராது. காலையும் மாலையும் குடத்தால் தெளித்துவிட்டு நடுப்பகலில் காயவிடுவது நீர் நிறுத்தல் ஆகாது. பதினான்கு நாள் தண்ணீர்ச் செலவு மிகச் சொற்பம். ஆயினும் தரையின் ஆயுள் மேலே பூசும் எந்தப் பூச்சைக்காட்டிலும் இதனால் அதிகம் நீடிக்கும்.

ஈரப் பரீட்சை

தரை போட்டு 28 நாள் கழியுமுன் எந்தப் பூச்சையும் நினைக்கவே கூடாது. 28 நாள் கழிந்துவிட்டது என்பதனால் மட்டும் தரை உலர்ந்துவிட்டதாகவும் எண்ணக்கூடாது. இதை அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி டேப்பினால் ஒட்டி, பதினாறு மணி நேரம் விடவேண்டும். மாலையில் ஒட்டி மறுநாட் காலை பார்ப்பது வசதி. தாளின் அடிப்புறம் முத்துமுத்தாய் நீர் கோத்திருந்தாலும், தாளின்கீழ்த் தரை சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலும், ஈரம் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். சுவரோரம், நடு, வாசல் என்று மூன்று இடங்களில் செய்து பார்த்தல் நலம். செலவு ஒரு முழத் தாளும் சிறிது டேப்பும்தான்.

இந்த ஜில்லாக்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசி முதல் மார்கழி வரை பூமி ஈரம் குடித்து நிற்கும். தை மாதத்தில் மேலே காய்ந்த தரையும் அடியில் ஈரமாயிருக்கக்கூடும். ஆகவே தை மாசியில் தரை போட்டு, சித்திரை வைகாசியில் பரீட்சித்துப் பூசுவது இப்பகுதிக்குப் பொருந்தும். பாலித்தீன் விரிப்பு இல்லாத பழைய தரையானால், கோடையில் பரீட்சை தேறினாலும் அடுத்த மழையில் ஈரம் ஏறும். அத்தகைய தரைக்கு எபாக்ஸியை விட்டுவிடுவதே புத்தி.

எந்தப் பூச்சு

மேற்பூச்சுக்கள் இரு வகைப்படும். ஒன்று, தரைக்குள் இறங்கி அதனோடு கலந்துபோவது. மற்றொன்று, தரைமேல் தோலாகப் படிவது.

முதல் வகையிற் சேர்ந்தது சோடியம் சிலிகேட் என்னும் கண்ணாடி நீர். சிமெண்டு இறுகும்போது அதில் ஓரளவு சுண்ணம் தனித்து நிற்கும். கண்ணாடி நீர் உள்ளே இறங்கி அச்சுண்ணத்தோடு கூடி, சிமெண்டின் பிடிப்புக்குக் காரணமான அதே வகைக் கெட்டிப்பொருளாக மாறித் துவாரங்களை அடைக்கும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, சுத்தமான உலர்ந்த தரையில் தூரிகையாலோ துடைப்பத்தாலோ தடவி, ஒவ்வொரு நாள் விட்டு மூன்று தடவை இடலாம். உள்ளே இறங்காமல் தேங்கியதை உடனே கழுவிவிடவேண்டும். இல்லையேல் வெள்ளை பூத்து நிற்கும். தோல் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. கீழிருந்து வரும் ஈரத்துக்கும் அஞ்சவேண்டியதில்லை. விலையும் சொற்பம். தரை புழுதி விடுவது நிற்கும், தேய்மானம் குறையும். ஆனால் எண்ணெய்க் கறையை இது முழுதும் தடுக்காது. அமிலத்தையோ சிறிதும் தடுக்காது. பெரும்பான்மையான டிராக்டர்க் கொட்டகைகளுக்கு இதுவே போதுமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாம் வகையில் முதன்மையானது எபாக்ஸி. பிசினும் இறுக்கியுமாகிய இரண்டு டப்பாக்களைக் கலந்த பின்னரே இது இறுகும். ஒரே டப்பாவில் வந்து, எபாக்ஸி என்று பெயர் மட்டும் தாங்கிய பெயிண்டுகள் இவ்வகையைச் சேரா. இரண்டு டப்பாப் பூச்சிலும், தண்ணீரில் கலந்தது, கரைப்பானில் கலந்தது, கரைப்பானே இல்லாதது என மூன்று உண்டு. முதலிரண்டில் ஆவியாய்ப் போவது போக மிஞ்சுவதே பூச்சு. கடைக்காரர் சொல்லும் பரப்பளவைக்கொண்டு இதைக் கணித்துவிடலாம். ஒரு லிட்டர் நூறு சதுர அடிக்கு வரும் என்றால், ஈரமாய் இருக்கும்போதே அதன் கனம் சுமார் 107 மைக்ரான்தான். அதில் பாதி தண்ணீரானால் உலர்ந்தபின் அதிலும் பாதி. கரைப்பானில்லாததை 250 மைக்ரான் கனத்துக்குப் பூசினால் லிட்டர் 43 சதுர அடிக்கு மேல் வராது. மேற்சொன்ன 240 சதுர அடிக் கொட்டகைக்கு ஒரு பூச்சுக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் வேண்டும். மலிவாய்ச் சொல்லும் விலைக்கும் உயர்வாய்ச் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இக்கனத்தில் அடங்கியிருக்கிறது.

எபாக்ஸி டீசலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் வெயில் பட்டால் மஞ்சளித்து மேலே மாவு கட்டும். ஆகையால் வாசற்புறம் வெயில் விழும் கொட்டகைக்கு மேலே பாலியூரிதேன் பூச்சு ஒன்று வேண்டும். அதிலும் வெயில் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்கவேண்டும். சில மணி நேரத்தில் இறுகிவிடும் பாலிஆஸ்பார்டிக் என்னும் பூச்சும் வந்திருக்கிறது. நம் கோடை வெப்பத்தில் அது ரோலரை இழுக்கும் முன்பே இறுகத் தொடங்குவதால், பழகிய கைகளுக்கன்றி மற்றவர்க்கு ஏற்றதன்று.

இரும்புக் கேஜ் வீலுக்கு எந்தப் பூச்சும் நில்லாது. சேற்றுழவு முடித்த டிராக்டரை அந்தச் சக்கரங்களோடு உள்ளே ஏற்றினால் ஒரே நாளில் பூச்சு கிழியும். வெளியிலேயே அவற்றைக் கழற்றிவிடும் வழக்கமில்லாதவர், பூச்சுச் செலவை மிச்சம்பிடித்து, சக்கரம் ஓடும் தடத்தில் கருங்கற் பலகை பதித்துக்கொள்ளலாம். ரோட்டவேட்டரையும் கலப்பையையும் இறக்கும் இடத்தில் மரக்கட்டை போடவேண்டும். உர மூட்டைகளும் மரச்சட்டத்தின்மேல் இருத்தல் நலம். முக்கியமாய் அம்மோனியம் சல்பேட் ஈரத்தில் கசிந்தால் கான்கிரீட்டையே அரிக்கும்.

பூசும் விதம்

எபாக்ஸி பூசத் தீர்மானித்தவர் தரையைச் சொரசொரப்பாக்கவேண்டும். அமிலத்தால் கழுவுவது ஒரு முறை. கிரைண்டர் யந்திரத்தால் தேய்ப்பது மற்றொரு முறை. அமிலத்தின் ஆவி கொட்டகையிலுள்ள இரும்புச் சாமான்கள் யாவற்றையும் துருப்பிடிக்கச் செய்யும். சரிவரக் கழுவாவிடில் பூச்சும் பிடிக்காது. ஆகவே யந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே மேல். அமிலமே உபயோகிக்க நேர்ந்தால், தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்றவேண்டுமே யல்லாது அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது. அது பொங்கி முகத்தில் தெறிக்கும். தேய்த்து முடிந்ததும் தரையில் கை வைத்தால் உப்புத்தாள்போல் உறுத்தவேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது என்பது அர்த்தம்.

காலையில் பூசத் தொடங்குவது பொதுவான வழக்கம். இவ்வேலைக்கு அது சரியன்று. வெயில் ஏற ஏறக் கான்கிரீட்டின் துவாரங்களிலுள்ள காற்று விரிந்து, ஈரப்பூச்சினூடே குமிழியிட்டு வெளிவரும். ஒவ்வொரு குமிழியும் ஒரு ஊசித்துளையாய் நிற்கும். வெப்பம் இறங்கும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத் தொடங்கினால் தரை பூச்சை உள்ளிழுத்துக்கொள்ளும். பனி விழும் இரவுகளையும், மழை மேகம் கூடிய நாட்களையும் விலக்கவேண்டும். கலந்த பூச்சை வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கெட்டியாகிவிடும்; கலந்தவுடன் தரையில் கொட்டிப் பரப்புவதே முறை. அரைமணிக்குள் தீரும் அளவே ஒவ்வொரு தடவையும் கலத்தல் நலம். அளவு குறிப்புத்தாளில் சொன்னபடியே இருக்கவேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் என்றைக்கும் பிசுபிசுப்பு நீங்காது. வழுக்காதிருக்க, மேற்பூச்சு ஈரமாயிருக்கும்போது உலர்ந்த குருமணலைத் தூவுவதுண்டு. கைக்கு உறை அவசியம். இறுக்கி பட்ட தோல் அரித்துப் புண்ணாகும். கதவு ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

ஒரு நாள் கழித்து நடக்கலாம். ஏழு நாள் கழியாமல் டிராக்டரை ஏற்றக்கூடாது. ரோட்டிலிருந்து சூடேறி வந்த டயர் ஆறும்போது சுருங்கிப் பூச்சைப் பற்றி இழுக்கும். முழுதும் இறுகாத பூச்சு அதற்குத் தாளாது. முதலில் ஒரு மூலையில் இரண்டடிச் சதுரம் மட்டும் பூசி, ஏழு நாள் கழித்துக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பவர் மிகுந்த ஜாக்கிரதையுள்ளவர். டேப்போடு பூச்சு வந்தால் மற்ற இடத்துப் பணம் மிஞ்சிற்று.

உலர்களங்களைப்பற்றி

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மக்காச்சோளமும் கடலையும் காயவைக்கும் பொது உலர்களத்துக்கு எபாக்ஸியோ வேறு பெயிண்டோ பூசும் யோசனை வந்தால் அதை ஏற்கலாகாது. முழு வெயிலில் அது சீக்கிரம் கெடும். பெயர்ந்த செதில்கள் தானியத்தில் கலக்கும். களத்துக்கு வேண்டியது நல்ல சரிவும், சரியான கோடு வெட்டும், பதினான்கு நாள் நீரும், வேண்டுமானால் மூன்று தடவை கண்ணாடி நீரும்தான். ஒரு அடிக்கு எட்டில் ஒரு அங்குலச் சரிவு இருந்தால் மழைநீர் தேங்காது. தேங்கும் களத்தில் சோளம் மறுபடி ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் நீங்குவதில்லை; கோழித்தீவனத்துக்கும் அது ஆகாது.

மதிப்பீட்டுத் தாளில் சிமெண்டு, மணல், ஜல்லிக்குக் கணக்கு எழுதி, நீர் நிறுத்தும் ஆளுக்கு ஒரு வரி எழுதாமல் விடுவது சாதாரணமாய் நேர்வது. தனிவரியாகப் பதினான்கு நாளைக்கு ஒரு ஆள் கூலியை அதில் எழுதி, பாத்தியில் தண்ணீர் நிற்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அவ்வழியே போகும்போது பார்த்துக் கையெழுத்திடும்படி ஏற்பாடு செய்யலாம்.